புங்கனூர் ஏரிக்கரையில் ஒரு முழு நாள்: ஏலகிரிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக ஒரு வழிகாட்டி

ஏலகிரிக்குப் போகிற குடும்பங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் நாளைக் கழிக்கின்றன. பதினோரு மணிக்கு மலை ஏறுவது, நேராகப் படகுத்துறை, வெயிலில் வரிசை, கொஞ்ச நேரம் மிதிபடகு, கரையில் மிளகாய் பஜ்ஜி, பூங்காவில் நாலு போட்டோ, இருட்டுவதற்குள் இறக்கம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்தும் ஏரியை யாரும் பார்ப்பதில்லை. படகு ஓட்ட ஒரு தண்ணீர்ப் பரப்பு, அவ்வளவுதான் அது அவர்களுக்கு.

இந்த வழிகாட்டி அந்த ஏரியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து பிள்ளைகளோடு கிளம்பும் பெற்றோருக்கும், ஒரு வேன் நிறைய மாணவர்களைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கும் எழுதியது. முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: படகைக் கடைசியில் வையுங்கள். படகில் ஏறி இறங்கிய பிள்ளை அதற்குப் பிறகு எதையும் உட்கார்ந்து கவனிக்காது.

எப்போது, எப்படிப் போவது

ஏலகிரி பழைய வட ஆற்காட்டு மலை. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வேலூர் பக்கம் நின்றது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளி சார்பில் ஏதாவது கடிதம் எழுதுவதானால் திருப்பத்தூர் மாவட்ட அலுவலகங்களுக்குத்தான் எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் இன்னும் வேலூருக்கே எழுதுகிறவர்கள் உண்டு.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி, அங்கிருந்து திருப்பத்தூர் சாலையில் பொன்னேரி, பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும். ரயிலில் வருவதானால் காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது விடிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய் இரவில் திரும்புகிற வண்டி, நமக்கு நேர் எதிர்த்திசை. ஜோலார்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் மலைக்குப் பேருந்து உண்டு. மேலே அத்தனாவூரில் இறங்கினால் ஏரி நடக்கும் தூரம்தான்.

மாதம் என்று கேட்டால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. வட ஆற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் நல்ல பங்கு உண்டு, வடகிழக்கிலும் உண்டு. ஆகவே கார்த்திகை வாக்கில் ஏரி நிறைந்து நிற்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் ஆண்டுகளில் கூட்டம் தாங்காது. கலை நிகழ்ச்சிகளுக்காகப் போகலாம், ஏரியைப் படிக்க அது ஏற்ற காலம் இல்லை. ஞாயிறும் காணும் பொங்கலும் வேண்டவே வேண்டாம். பள்ளிக் குழுவானால் செவ்வாய், புதன் போன்ற வேலை நாள் எடுத்துக்கொள்ளுங்கள். படகுத்துறை, பூங்கா இரண்டுக்கும் கட்டணமும் நேரமும் மாறுகின்றன, கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டுவிடுங்கள்.

வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவது? ஏரிக்கரையில் எட்டு மணிக்குள் நிற்கும்படி. அதாவது வேலூரில் ஐந்தரைக்கு வண்டி நகர வேண்டும். பிள்ளைகள் முணுமுணுக்கும், வண்டியிலேயே தூங்கட்டும்.

பையில் என்ன வைப்பது

வாங்க வேண்டியவை குறைவு. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண வெப்பமானி ஒன்று, அறிவியல் சாமான் கடையில் கிடைக்கும் பி.ஹெச். தாள் (தண்ணீர் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) ஒரு கட்டு, ஒரு கைலென்ஸ். மற்றதெல்லாம் வீட்டில் கிடப்பவை: வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, டீ வடிகட்டி, மீட்டர் அளவுக்குக் கயிறு, பழைய நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவிவிடும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காக வாங்க வேண்டாம். புங்கனூர் ஏரி அவ்வளவு பெரியது அல்ல.

இன்னொன்று மட்டும் முந்தின நாளே செய்து வையுங்கள். பெயின்ட் டப்பாவின் மூடி போல 20 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டத் தட்டு எடுத்து, நான்கு பாகமாகக் கோடு போட்டு, கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, அடியில் கனமான நட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கயிற்றில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு முடிச்சு. இதற்கு என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்குத் தனியாக: பெற்றோரின் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி, தொலைபேசி எண்களோடு பெயர்ப் பட்டியல். இவை தெரிந்ததுதான். தெரிந்தும் விடுபடுவது ஒன்று உண்டு, பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைக் கொடுப்பது. நாற்பது பேரை ஒன்றாக ஏரிக்கரையில் நிறுத்தினால் பறவையும் இருக்காது, பாடமும் இருக்காது. பள்ளியில் தேசிய பசுமைப் படை இருந்தால் அந்தப் பொறுப்பாசிரியரையே தலைமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறும்போதே தொடங்கலாம்

வாணியம்பாடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்குங்கள். தின்னக் கொடுத்துவிடாதீர்கள். பொன்னேரியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, நிழலில் வெப்பமானியைப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டையும் எல்லோரும் ஒருமுறை அமுக்கிப் பார்க்கட்டும்.

பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்துக்கொண்டே வந்தால் நல்ல விளையாட்டு கிடைக்கும்: யார் யாருக்கு நண்பர்? பாரி என்றால் கபிலர், அதியமான் என்றால் ஔவையார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி, இந்த மலையிலிருந்து தெற்கே அப்படியொன்றும் தூரமில்லை என்று சொன்னால் நெல்லிக்கனிக் கதை திடீரென்று பக்கத்து ஊர்க் கதையாகிவிடும். வாந்தி வருகிற பிள்ளைக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

மேலே போனதும் மறுபடியும் நிழலில் வெப்பமானி. ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர், வேலூர் 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆக வேலூரைவிட ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி எதிர்பார்க்கலாம். உங்கள் அளவு அதோடு சரியாகப் பொருந்தாது. நேரம் ஆக ஆக வெயிலும் ஏறுகிறதே, அதனால்தான். ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகளே யோசித்துச் சொன்னால் அதுவே பாதிப் பாடம்.

இப்போது சிப்ஸ் பாக்கெட்டைத் தொடச் சொல்லுங்கள். உப்பி, விறைத்து இருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது, உள்ளே இருப்பது கீழ்க்காற்று. வளைவுகளில் காது அடைத்ததும் இதே காரணத்தால்தான். மலையில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டாம், 96 போதும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அப்புறம் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலை: ஏரியை ஒரு சுற்று

புங்கனூர் ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல, மனிதர் உண்டாக்கியது. சுற்றிலும் நடைபாதை இருக்கிறது. படகுத்துறைப் பக்கம் திரும்பாமல் நேராக நடைபாதையில் இறங்குங்கள். பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? நிறைந்தால் எந்தப் பக்கமாகப் போகும்? மழை இல்லாத மாதங்களில் எது வரைக்கும் வற்றியிருக்கிறது?

மூன்றாவதுக்கு விடை கரையிலேயே எழுதியிருக்கும். கல்லிலும் மரத்தூரிலும் பழைய நீர்மட்டம் கோடாகத் தெரியும். முதல் இரண்டு கொஞ்சம் கஷ்டம். பூங்காவாக்கி, தளம் போட்டு, கம்பி வேலி கட்டிய ஏரிகளில் வரத்துக்காலையும் போக்கையும் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலைதான். சரிவைப் பாருங்கள், எந்தப் பக்கம் நாணலும் சம்பும் அடர்ந்திருக்கிறது என்று பாருங்கள், எந்தப் பக்கம் வண்டல் படிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதைச் சமவெளி ஏரிகளோடு சேர்த்துப் பேசினால்தான் விஷயம் முழுமையாகும். பாலாறு 348 கி.மீ. ஓடினாலும் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். வற்றாத ஆறு இல்லாத நிலத்தில் முன்னோர் செய்த ஏற்பாடு ஏரி. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. வட ஆற்காட்டு ஏரி ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால், கரை, பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு, மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் என்று உறுப்புகள் இருக்கும். ஏரி நிறைந்து கலங்கல் வழியாகக் கோடி போனால், அதாவது வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் வெட்டியதாகச் சொல்லப்படும் அந்த ஏரிக்கு, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வருகிறது. நிறைந்து நிற்கும்போது எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. புங்கனூர் அதன் பக்கத்தில் சின்னக் குட்டைதான், ஆனால் சின்னதாக இருப்பதால்தான் ஒரு மணி நேரத்தில் முழுவதையும் சுற்றிப் பார்க்க முடிகிறது.

நடக்கும்போதே ஒரு கணக்கு. ஒவ்வொருவரும் தங்கள் காலடியின் நீளத்தை முதலில் அளந்துகொள்ளட்டும், பத்துக் காலடி நடந்து மொத்தத் தூரத்தைப் பத்தால் வகுத்தால் போதும். பிறகு எண்ணிக்கொண்டே சுற்றி வந்தால் ஏரியின் சுற்றளவு வந்துவிடும். ஐந்து பேர் எண்ணினால் ஐந்து விடை வரும். யாருடையது சரி என்று சண்டை வரும், சராசரி என்ற ஒன்று எதற்கு என்று அப்போதுதான் புரியும். போனில் வரைபடத்தைத் திறந்து சரிபார்ப்பது சண்டை முடிந்த பிறகு.

பறவை: ஓடாமல் உட்கார்ந்து பார்ப்பது

படகுகள் இறங்காத காலை நேரம்தான் பறவைக்கு. தண்ணீரும் மரமும் சேர்ந்த இடமாகப் பார்த்து, குழுவை உட்காரவைத்து, கால் மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் கொடுமையாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பெயர் சொல்லிக்கொடுப்பதில் அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி. பெயர் தெரிந்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். முதலில் என்ன செய்கிறது என்று எழுதட்டும். கரையோரம் மண் நிறத்தில் குந்தியிருக்கும் ஒரு பறவை, பறக்கும்போது மட்டும் பளிச்சென்று வெள்ளையாகிறது, அது மடையான். சிறகை விரித்துக் காயவைத்தபடி மரக்கிளையில் நிற்பது நீர்க்காகம். அதன் இறகு முழுக்க நீர் ஒட்டாத இறகு அல்ல, நனைவதால்தான் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்கிறது, நனைந்ததால்தான் காயவைக்க வேண்டியிருக்கிறது. வாத்துக்குஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்துவிட்டுச் சட்டென்று காணாமல் போவது முக்குளிப்பான். அது மூழ்கும்போது எண்ணத் தொடங்கி, எங்கே எழும்புகிறது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். ஒருவர்கூட முதல் தடவையில் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

மின்கம்பியில் நீலமும் அரக்குமாக இருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தி மீனைவிடப் பூச்சியையும் ஓணானையும் அதிகம் தின்னும், அதனால் தண்ணீர் இல்லாத தெருவிலும் அதைப் பார்க்கலாம். சிறு மீன்கொத்தி அப்படியல்ல, நீரோரத்தை விட்டு வராது. குளிர்காலத்தில் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு கரையில் ஓடும் சாம்பல் வாலாட்டி கண்ணில் படலாம். இமயமலையிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிற விருந்தாளி. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள், அவ்வளவு சிறியது.

ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் நேரம், இடம், வானம் எப்படி, எந்தப் பறவை, எத்தனை என்று குறிக்கட்டும். பெயர் தெரியாததைப் "பழுப்பு, நீளக் கால், தனியாக நின்றது" என்று எழுதினால் போதும். இந்தத் தாளுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

தண்ணீர்: டப்பாவும் தட்டும்

கரை தாழ்வாக, காலூன்ற உறுதியான இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். தண்ணீரை எடுப்பது பெரியவர் வேலை. பிள்ளை யாரும் நீரில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தவனும்தான், கரையோரச் சேற்றுக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற வித்தியாசம் இல்லை.

வெள்ளை டப்பாவில் ஏரித் தண்ணீரை மொண்டு, கரைப் புல்லின் வேரோரத்தில் வடிகட்டியை ஒரு அலசு அலசி அதில் தட்டுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிந்ததும் அசைவுகள் தொடங்கும். தட்டையாக, ஆறு காலோடு, முரட்டு முகத்தோடு ஒன்று இருந்தால் அது தும்பியின் இளம்பருவம். கீழ்த்தாடையைக் கை போல முன்னே நீட்டி இரையைப் பிடிக்கும், கொசுப்புழுவை விரும்பித் தின்னும். வெளியே பறக்கும் தும்பிகளையும் இதோடு சேர்த்துக் காட்டலாம்: உட்காரும்போது இறக்கையை விரித்தே வைத்திருப்பது தும்பி, முதுகின் மேல் மூடி வைப்பது பெரும்பாலும் ஊசித்தும்பி. நீர்மேல் காலை ஊன்றி வழுக்கி ஓடும் பூச்சி மூழ்காததற்குக் காரணம் நீரின் பரப்பு இழுவிசை, பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பது இங்கே கண்முன்னே ஓடுகிறது. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் கூடாது, வீட்டுத் தொட்டி மீனை ஏரியில் விடுவதும் கூடாது.

பி.ஹெச். தாளைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். பாசி மிகுந்த ஏரியானால் பிற்பகல் அளவு கூடியிருக்க வாய்ப்புண்டு. வெயிலில் பாசி உணவு தயாரிக்கும்போது நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது, அமிலத்தன்மை குறைகிறது, அது குறைந்தால் பி.ஹெச். அளவு கூடும். இரவில் இது தலைகீழ். பாசியும் மற்ற உயிர்களும் சுவாசிப்பதால் விடியும்போதுதான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால் அது விளையாட்டு அல்ல, மூச்சுத்திணறல்.

கருப்பு வெள்ளைத் தட்டு படகில் போகும்போதுதான் பயன்படும், ஆழம் வேண்டுமே. நிழல் விழும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கயிற்றை மெதுவாக இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். பிறகு மேலே இழுத்து, மறுபடி தெரிகிற இடத்தில் எண்ணுங்கள். இரண்டின் சராசரிதான் ஏரியின் தெளிவு. அந்த ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வரைதான் நீர்ச்செடியும் பாசியும் வளரப் போதுமான வெளிச்சம் இறங்கும். தண்ணீர் பச்சையாக இருந்து தட்டு சீக்கிரம் மறைந்தால் பாசி, செம்மண் நிறமாக இருந்து மறைந்தால் மழையில் கரைந்து வந்த மண்.

1865இல் மத்தியதரைக் கடலில் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இப்படித் தட்டை இறக்கிப் பார்த்தவர் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார். உலகமெங்கும் ஏரி ஆய்வாளர்கள் இன்றைக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். அவர் உண்மையில் வானியலாளர், விண்மீன்களை அவற்றின் ஒளியைப் பிரித்து வகைப்படுத்திய முன்னோடி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே காவலூர் வானாய்வகம் வரும்போது உதவும்.

இப்போது படகு

பதினொன்றரை வாக்கில் படகுக்குப் போனால் போதும். உயிர்காப்பு உடையை மாட்டினால் மட்டும் போதாது, பட்டைகள் எல்லாவற்றையும் பூட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உடை காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரியது, வேறு கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்று யார் சொன்னாலும் சரி. ஒவ்வொரு படகிலும் ஒரு பெரியவர். எழுந்து நிற்பது, படகு விட்டுப் படகு தாவுவது, செல்பிக்காக ஓரம் சாய்வது எதுவும் கிடையாது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். முதல் இடி கேட்டதும் கரைக்குத் திரும்புங்கள், கட்டிய பணத்தைப் பார்க்க வேண்டாம்.

படகிலும் ஒரே ஒரு சோதனை செய்யலாம். நடு ஏரியில் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் படகு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். காற்றின் திசை தெரிந்துவிடும். துடுப்புப் படகானால், வலப்புறத் துடுப்பை மட்டும் போட்டால் படகு ஏன் இடப்பக்கம் திரும்புகிறது என்று கேளுங்கள். அவ்வளவு போதும். மீதி நேரம் சும்மா சுற்றட்டும், அதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தார்கள்.

இயற்கைப் பூங்கா

ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மீன் காட்சியகம், மூங்கில் வீடு, செயற்கை அருவி, சிறுவர் விளையாட்டுத் திடல், மாலையில் இசை நீரூற்று. சிறு பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும்தான் முக்கியம், அவர்களைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு மீன் காட்சியகத்தில் ஒரு வேலை கொடுக்கலாம்: வாய் மேல்நோக்கி இருக்கும் மீன் எது, கீழ்நோக்கி இருக்கும் மீன் எது? மேல்நோக்கினால் நீர்மட்டத்தில் இரை தேடும், கீழ்நோக்கினால் அடித்தரையில். இசை நீரூற்றைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அதற்காக இருட்டும்வரை காத்திருந்து, 14 வளைவுகளை இரவில் இறங்குவது தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் அவர்களை ஏரிக்கரையில் நிழலான இடத்தில் உட்காரவைத்து, பறவைத் தாளை அவர்கள் கையில் கொடுங்கள். ஓடித் திரியும் பிள்ளைகளைவிட அவர்கள் பட்டியல்தான் நீளமாக வரும்.

சாப்பாடு, குரங்கு, மலைவாசிகள்

புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதே நல்லது, குழுவாக இருந்தால் ஓட்டலில் காத்திருந்தே ஒரு மணி நேரம் போய்விடும். பிரியாணிதான் வேண்டும் என்பவர்கள் இறங்கி வரும்போது வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பார்த்துக்கொள்ளலாம். மலைப்பாதைக் குரங்குக்கு எதையும் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை வண்டிக் கண்ணாடியைத் தட்டக் கற்றுக்கொண்டன. குப்பையைப் பையில் கட்டி ஊருக்கே கொண்டுவாருங்கள்.

மலையில் 14 சிற்றூர்கள் இருக்கின்றன, தலைமுறைகளாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். சாலையோரம் பலா, கொய்யா, சீத்தா விற்கும் அம்மாவிடம் பழம் வாங்கும்போது, எந்த மாதம் எது காய்க்கும், ஏரி முன்னே எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். வாங்காமல் கேள்வி மட்டும் கேட்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது, இரண்டும் வேண்டாம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

நிலாவூரில் இதைவிடச் சிறிய ஏரி ஒன்று உண்டு, கூட்டமும் குறைவு. உயரம் ஏறப் பிரியமானவர்களுக்கு மங்களம் ஊரிலிருந்து சுவாமிமலை. காலையிலேயே, உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள்.

சனிக்கிழமையாக அமைந்தால் என் பரிந்துரை காவலூர். வாணியம்பாடிக்கு இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இருக்கின்றன. 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1988இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். இந்த ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வானியலாளர் வைணு பாப்புவும், தட்டை இறக்கிய செக்கியைப் போலவே, விண்மீன் ஒளியைப் பிரித்துப் படித்தவர். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம், வானம் தெளிந்திருந்தால் மாலையில் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தையும் காட்டுவார்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், மழை மாதங்களில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வீடு திரும்பிய பிறகு

பறவைத் தாளையும் வெப்ப அளவையும் தட்டின் முடிச்சுக் கணக்கையும் அந்த வாரத்துக்குள் ஒரே நோட்டில் சேர்த்து எழுதவைத்துவிடுங்கள். அடுத்த வாரம் என்றால் நடக்காது.

அடுத்த படி உங்கள் ஊர் ஏரி. காட்பாடிக்காரர்களுக்குக் கழிஞ்சூர், தாராபடவேடு. பாகாயம் பக்கம் ஓட்டேரி. எதுவும் அருகில் இல்லையென்றால் வேலூர்க் கோட்டை அகழி. சூரியகுளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாகத் தண்ணீர் பெற்ற அந்த அகழியிலும் நீர்க்காகம் சிறகு காயவைக்கும். அதே டப்பா, அதே வடிகட்டி, அதே கால் மணி நேரம். மலை ஏரியில் தட்டு எத்தனையாவது முடிச்சில் மறைந்தது என்பதை வைத்துக்கொண்டு, படகு இல்லாத ஊர் ஏரியில் தெளிவை எப்படி அளப்பது என்று பிள்ளைகளையே யோசிக்கவிடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு, அடியில் எழுத்துள்ள தாளை வைத்துப் படிப்பது ஒரு வழி.

ஜனவரி நடுவில், பொங்கல் விடுமுறை நாட்களில், தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும், கட்டணம் கிடையாது. ஏலகிரியில் எழுதிய அதே தாளின் வடிவம் இதற்கு அப்படியே பொருந்தும். காணும் பொங்கலன்று மலையில் படகு வரிசையில் நிற்பதற்குப் பதில், அன்று காலை ஏழு மணிக்கு உங்கள் தெரு ஏரியின் கரையில் நின்று முதல் பட்டியலைப் போடுங்கள்.